நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

‘ஏ.டி.எச்.டி. என்று ஒரு நோயே கிடையாது. பிள்ளையின் பசியைக் கெடுக்கிற அந்த மாத்திரையை இன்றைக்கே நிறுத்து.’ கேரளத்தின் அம்பூரி, வெள்ளறடை, பாறசாலை வட்டாரத்தில் கவனம் சிதறி ஓரிடத்தில் நில்லாத பிள்ளையை வளர்க்கும் தாய்மாருக்கு இந்த உபதேசம் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்கிறவர் டாக்டர் அல்ல. அகத்தியர் மலை பக்கத்தில் இருப்பதே அவருக்குத் தகுதிச் சான்று.

அவருடைய பிரம்மாஸ்திரம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. இந்த நோயைக் கண்டுபிடித்த அமெரிக்க மனநல மருத்துவர் லியோன் ஐசன்பெர்க்கே சாகும் தறுவாயில் ‘இது பொய்’ என்று ஒப்புக்கொண்டாராம். ஐசன்பெர்க் இதைக் கண்டுபிடிக்கவே இல்லை. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியது 1902-ல். அப்போது ஐசன்பெர்க் பிறக்கவில்லை. அவர் 2009-ல் இறந்தார். 2012-ல் டேர் ஷ்பீகல் என்ற ஜெர்மன் பத்திரிகை வெளியிட்ட கட்டுரையில் ‘புனையப்பட்ட நோய்’ என்று அவர் சொன்னதாக இருப்பது உண்மை. ஆனால் மரபணுவை அளவுக்கு மீறித் தூக்கிப்பிடிக்கிறார்கள், வீட்டுச் சூழலைத் தீர விசாரிக்காமல் மாத்திரை எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் அங்கே அவருடைய குறை. உபதேசம் செய்கிறவர்களே, அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பரப்புகிறீர்கள்.

பக்க விளைவே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. நீங்கள் நிறுத்தச் சொல்லும் அந்த மாத்திரை, மெத்தில்ஃபெனிடேட், பசியைக் குறைக்கும், தூக்கத்தைத் தள்ளிப்போடும். வயிறும் தலையும் வலிக்கலாம். மருந்தின் வேகம் இறங்கும் சாயங்காலத்தில் சில பிள்ளைகள் எரிந்து விழுவார்கள். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய எம்.டி.ஏ. ஆய்வு, மூன்றாண்டு முடிவில், மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 சென்டிமீட்டர் உயரமும் 2.7 கிலோ எடையும் பின்தங்கியதாகக் கணக்கிட்டது. உங்கள் கட்சிக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. இதைக்கூட நீங்கள் சொல்லவில்லை. படித்தால்தானே சொல்ல!

இவற்றைச் சமாளிக்க வழி உண்டு. காலை ஆகாரம் முடிந்தபின் மாத்திரை கொடுத்தால் புட்டும் பயறும் ஏத்தன் பழமும் முதலிலேயே உள்ளே போய்விடும். மத்தியானச் சோறு இறங்காது; வற்புறுத்த வேண்டாமென்று டீச்சரிடம் சொல்லிவைக்கலாம். ராத்திரி பசி திரும்பும்போது மரச்சீனியும் மீன்கறியும் வயிறாரக் கொடுக்கலாம். தூக்கம் கெட்டால் மாத்திரை நேரத்தை முன்னுக்கு நகர்த்தவோ அளவைக் குறைக்கவோ டாக்டர் பார்ப்பார். அப்படியும் சரிவராவிட்டால் அட்டோமாக்ஸெட்டின் போன்ற வேறு மருந்து இருக்கிறது. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உயரம், நாடி, இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில், மாத்திரை அல்ல. இதெல்லாம் பார்க்காமல் சீட்டு எழுதும் டாக்டரைத் திட்டுங்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

‘போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்து’ என்பது அடுத்த பூச்சாண்டி. வருவது உண்மைதான். மார்ஃபினும் அதே சட்டத்தில்தான் வருகிறது. 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் கோழிக்கோட்டில் வலிநிவாரண சங்கம் தொடங்கி, அதே மார்ஃபினைப் புற்றுநோயாளிகளின் வலிக்குக் கொடுத்துக் காட்டிய மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டா இந்தப் பேச்சு?

பதிலுக்கு நீங்கள் தருவது என்ன? வல்லாரையும் நீர்ப்பிரம்மியும். பிள்ளை தின்னட்டும், ஆனால் அவை இந்த மாத்திரையின் வேலையைச் செய்யும் என்பதற்குச் சான்று எங்கே? அடுத்தது, ‘நாலு போட்டால் அடங்குவான்.’ பிரம்புக்குப் பக்க விளைவு கிடையாதா? மருந்தில்லாத பிள்ளை ரோட்டுக்குக் குறுக்கே பாய்வதும், தினம் வகுப்புக்கு வெளியே நிற்பதும், விளையாடக் கூட்டுக்காரன் ஒருத்தன்கூட இல்லாமல் போவதும் எந்தக் கணக்கில் வரும்?

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் சைல்ட் டெவலப்மென்ட் சென்டர் இருக்கிறது. ஒருநாள் ரப்பர் வெட்டை விட்டு, பஸ் மாறி அங்கே பிள்ளையைக் கொண்டுபோகும் தாயிடம் ‘நிறுத்து’ என்று சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். இந்தப் பிள்ளைகளில் சிலர் குளோனிடின் என்ற மருந்தும் எடுக்கிறார்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும். அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடப்போவது நீங்கள் அல்ல.