மூங்கில் சொல்லும் மறுப்பு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில் இருக்கிறது வித்துரா. காணி பழங்குடியினரின் மலைப்பகுதி இது. மலையாளிகள் ஈற்ற என்று அழைக்கும் நாணல் மூங்கில் விளையும் காடுகள் இங்கே உண்டு. இதன் கணுக்களுக்கு இடையே நீளம் அதிகம், சுவர் மெல்லியது. பாய்க்கும் கூடைக்கும் தோதான பொருள்.

பிளப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கத்தியை எடுத்துப் பார்க்கலாம். பிளவு நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கும். அந்தப் பக்கம் மெலிந்துகொண்டே போய் அறுந்துவிடும். பழகிய கை பதறாது. தடித்த பக்கத்தைச் சற்று வளைத்து இழுக்கும். பிளவு நடுவுக்குத் திரும்பும்.

யோசனை வறண்டுபோன வடிவமைப்புக் குழுவுக்குத் தேவைப்படுவது இந்தப் பாடம்தான். கணினித் திரையில் எந்தக் கோடும் சொன்னபடி வளைந்துவிடும். மூங்கில் வளையாது. அது மறுக்கும்போது, வரைந்ததை மாற்றியாக வேண்டும். பழகிய தடத்திலிருந்து சிந்தனை விலகுவது அப்போதுதான். தவிர, பட்டறையில் மேலாளரும் புதியவரும் ஒன்றுதான். இருவர் விரலிலும் சிலாம்பு ஏறும்.

இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி தொடங்கியதே இப்படித்தான். அமெரிக்கத் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் மத்திய அரசுக்குத் தந்த அறிக்கையில் வியந்து பாராட்டியது எந்த இயந்திரத்தையும் அல்ல, சாதாரண லோட்டாவை. பல தலைமுறைகளின் கைகள் திருத்தித் திருத்தி உருவாக்கிய பாத்திரம் அது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அதன் ஆசிரியர் எம்.பி. ரஞ்சனும் சகாக்களும் வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்பு வேலைகளை ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட நூல் இன்றும் வடிவமைப்பாளர்களுக்கு வழிகாட்டி. ஒரு கூடையின் அடி ஏன் சதுரம், வாய் ஏன் வட்டம் என்பது போன்ற கேள்விகளுக்குப் பின்னல்தான் பதில் சொல்லும்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. குழு இரண்டு நாள் கூடை முடைந்து புத்துணர்ச்சியோடு நகரம் திரும்பும். அடுத்த ஆண்டு அந்தப் பின்னல் ஒரு விளக்காகவோ நாற்காலியாகவோ கடைக்கு வரும். கற்றுக்கொடுத்தவருக்குக் கிடைப்பது இரண்டு நாள் கூலி.

இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். வித்துராவுக்கு அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனத்தின் விஞ்ஞானிகளுக்கு, 1987இல் காட்டில் வழிகாட்டிய காணிகள் ஆரோக்கியப்பச்சை என்ற களைப்பு போக்கும் செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' மருந்து உருவானது. 1995இல் கோவை ஆரிய வைத்திய ஃபார்மசிக்கு உரிமம் தந்தபோது கிடைத்த 10 லட்சம் ரூபாயிலும், விற்பனையில் வரும் 2 சதவிகித உரிமைத் தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பிறகு சிக்கல்கள் வராமல் இல்லை. ஆனாலும் அறிவுக்கு விலை உண்டு என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

செடியைக் காட்டியவருக்குப் பங்கு உண்டென்றால், பின்னலைக் காட்டியவருக்கு ஏன் இல்லை? பட்டறைக்குப் புறப்படும் குழு, கத்தியை எடுக்கும் முன் இந்தக் கணக்கை முடித்துக்கொள்வது நல்லது.