தோல் முட்டைக்குக் கோழியா பொறுப்பு?

கொல்லைப்புறக் கோழி ஓடில்லாமல் ஒரு முட்டை இட்டுவிட்டால் போதும், வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். "கண்ணு பட்டிருச்சு" என்பார் பாட்டி. "உடம்புச் சூடு" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டாவது தோல் முட்டையும் விழுந்தால் தீர்ப்பு தயார்: ஞாயிற்றுக்கிழமை குழம்பு! இந்த விசாரணையில் ஒருவரை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை. தினமும் அந்தக் கோழிக்குத் தீனி போடுபவரைத்தான்!

முட்டை ஓடு என்பது ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். ஒரு நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டுக்குச் சுமார் ஒன்றரை கிராம் கால்சியம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் போடப்படும் தீனியோ அரிசியும் குருணையும் மீந்த சோறும். 100 கிராம் அரிசியில் இருக்கும் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம்தான். அதாவது அரிசியை மட்டும் நம்பி ஒரு முட்டைக்கு ஓடு போட, கோழி 15 கிலோ அரிசி தின்ன வேண்டும்!

தீனியில் கிடைக்காததைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் ஓடு கட்டுகிறது. அதுவும் குறைந்தால் ஓடு மெலிகிறது, பிறகு வெறும் தோல்தான். கால் தளர்ந்து அது உட்கார்ந்துவிட்டால், "சீக்கு வந்த கோழி" என்று பெயர்.

"அந்தக் காலத்தில் யார் கால்சியம் வைத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அன்று கோழி குப்பைமேட்டைக் கிளறியது. நத்தை, பூச்சி, கீரை, உதிர்ந்த சுண்ணாம்புக் காரை எல்லாம் கொத்தித் தின்றது. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்து, குஞ்சுகளை வளர்த்து, மாதக்கணக்கில் முட்டையிடாமல் இருந்தது. இன்று மொட்டை மாடிக் கூண்டில் அடைத்து, அடைக்கு விடாமல் முட்டையை எடுத்துக்கொண்டு, தீனி மட்டும் பழைய கணக்கு என்றால் எப்படி?

எல்லாத் தோல் முட்டைக்கும் தீனியே காரணமல்ல என்பதும் உண்மை. முதன்முதலாக முட்டையிடும் கோழியும் வயதான கோழியும் எப்போதாவது இப்படி இடும். கடும் வெயிலில் வாயைத் திறந்து இளைக்கும் கோழிக்கும் ஓடு மெலியும். பல கோழிகள் ஒரே நேரத்தில் தோல் முட்டை இட்டால் அது நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும், பூசாரியிடம் அல்ல.

மற்றபடி மருந்து மலிவானது. கிளிஞ்சலை ஒன்றிரண்டாக உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். தேவையான கோழி தேவையான அளவு கொத்திக்கொள்ளும். மாவாக அரைக்கக் கூடாது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. பெரிய துண்டுகள் வயிற்றில் தங்கி மெல்லக் கரைந்து அந்த நேரத்துக்கு உதவும். கிளிஞ்சல் கிடைக்காத ஊரில், சமையலில் மிஞ்சிய முட்டை ஓட்டையே கழுவிக் காயவைத்து நொறுக்கி வைக்கலாம். தீனியில் கலக்க வேண்டாம். வளரும் குஞ்சுகளுக்கு அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூண்டில் கொஞ்சம் வெயிலும் படவேண்டும்; வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடலில் சேராது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முட்டையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு ஒரு கைப்பிடி கிளிஞ்சல் வைக்காதவருக்கு, கோழியைக் குறை சொல்ல என்ன உரிமை இருக்கிறது?