சித்திர அறைக்குப் பூட்டுப் போடுமுன்



கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதென்றாலும் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அண்மையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. சித்திர அறையைக் காலி செய்து அதில் ஸ்மார்ட் வகுப்பறை போடுவதென்று முடிவெடுத்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் காசு தருகிறார்கள். பெரிய திரை வரும், ஏசி வரும், இன்டர்நெட் வரும். அப்போது ஒருவர் எழும்பி, "சித்திரம் மரத்துக்குக் கீழ இருந்தும் கீறலாம்தானே" என்றாராம். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. தீர்மானம் நிறைவேறியது.

பாடசாலையின் பெயர் வேண்டாம். நாளைக்கு எங்கள் பாடசாலையிலும் இதே தீர்மானம் இதே சிரிப்போடு நிறைவேறும். அதனால்தான் எழுதுகிறோம்.

ஸ்மார்ட் வகுப்பறை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கென்ன பைத்தியமா? விசுவமடுப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்கிற எல்லாம் கிடைக்கவேண்டும். எங்கள் சண்டை அந்தத் திரையோடு இல்லை, அந்தச் சிரிப்போடு. கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கணிதமும் விஞ்ஞானமும், மற்றதுகளுக்குச் சித்திரமும் நடனமும் நாடகமும் என்று நாங்களே கோடு கீறி வைத்திருக்கிறோமே, அந்தக் கோட்டோடு.

ஒரு கதை சொல்கிறோம்.

தரம் ஒன்பது பிள்ளைகளிடம், "2050இல் எங்கட ஊர் எப்படி இருக்கும், கீறிக்கொண்டு வாங்கோ" என்றோம். முக்கால்வாசிப் படங்களில் டுபாய் வந்தது. கண்ணாடிக் கட்டடங்கள், பறக்கிற கார்கள், றோபோக்கள். குளம் இல்லை, வயல் இல்லை, பனை இல்லை. எங்கள் சனம் ஒருத்தரும் இல்லை. ஒரேயொரு பிள்ளை மட்டும் வயலுக்குள் ஒரு மனிதர் நிற்பதாகக் கீறியிருந்தாள். "இதில 2050 எங்க இருக்கு?" என்று கேட்டோம். அவள் சொன்னாள்: "அப்பா சேத்துக்குள்ள இறங்கி நிக்கிறார் ரீச்சர். காலைக் கழட்டாம."

அதன் பிறகு எங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை.

வன்னியில் செயற்கைக் கால் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலின் கதை எங்களில் பலருக்குத் தெரியாது. 1960களில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் டொக்டர் பி. கே. சேத்தி என்ற எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். மேல்நாட்டிலிருந்து வந்த செயற்கைக் காலைப் பொருத்தினால் நோயாளிகள் கொஞ்ச நாளில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஊன்றுகோலுக்கே போனார்கள். காரணம் எளிது. அது சப்பாத்துப் போட்டு, கதிரையில் இருந்து வாழ்கிற மனிதருக்கென்று செய்த கால். அதோடு சம்மணம் கட்ட முடியாது, குந்த முடியாது, வெறுங்காலோடு நடக்க முடியாது, தண்ணிக்குள்ளும் சேற்றுக்குள்ளும் இறங்க முடியாது. கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்ற முடியாதவர் கோயிலுக்குள் எப்படிப் போவது? பள்ளிவாசலில் ஸஜ்தாவுக்கு எப்படிப் போவது?

இந்தப் பிரச்சினைக்கு வழி கண்டவர் ராம் சந்திர சர்மா. சிற்பி, கைவினைக் கலைஞர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நோயாளிகளுக்குக் கைவேலை பழக்குவதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர். பஞ்சரான சைக்கிளோடு ரயர் கடைக்குப் போன இடத்தில் லொறி ரயருக்குப் புது றப்பர் ஒட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். பாதம் எங்கே மடியவேண்டும், எப்படித் திரும்பவேண்டும் என்பது சேத்திக்குத் தெரியும். கையால் ஒரு பாதத்தை உருவாக்குவது சர்மாவுக்குத் தெரியும். றப்பரை அவிப்பது ரயர் கடைக்காரருக்குத் தெரியும். மூன்றும் சேர்ந்து 1968 அளவில் ஜெய்ப்பூர் கால் பிறந்தது. பார்க்கவும் பாதம் போலவே இருந்தது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், வயலுக்குள் இறங்கலாம்.

அந்தக் கால்தான் எங்கள் மண்ணுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு எத்தனை பேர் அந்தக் காலால் எழும்பி நடந்தார்கள் என்று உங்கள் உங்கள் ஒழுங்கையிலேயே எண்ணிப் பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 1981இல் மகசேசே விருது டொக்டர் சேத்திக்குக் கிடைத்தது. தகுதியானவர், சந்தேகமில்லை. ஆனால் சர்மா? உலகம் அவர் பெயரைத் தேடி அறியப் பல காலம் எடுத்தது. படித்தவர் கண்டுபிடித்தார், கைவேலைக்காரர் உதவி செய்தார் என்றே கதை ஓடியது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்த சிரிப்பும் இதே சிரிப்புத்தான்.

இனி எங்கள் கல்விக்கு வருவோம்.

சாதாரண தரம் முடிய, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையைப் பிடித்து ஒரு பெட்டிக்குள் போடுகிறோம். உயிரியல், கணிதம், வர்த்தகம், தொழினுட்பம், கலை. இதற்குத் "தெரிவு" என்று பெயர். உண்மையில் தெரிவா? உயர்தர விஞ்ஞானப் பிரிவும் கணிதப் பிரிவும் இருப்பது 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டும். 1சீ பாடசாலை என்றால் கலையும் வர்த்தகமும்தான். பக்கத்தில் இருப்பது எந்தப் பாடசாலை, அங்கே பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பவைதான் வன்னிப் பிள்ளையின் "தெரிவை" எழுதுகின்றன. வேறு வழியில்லாமல் கலைப்பிரிவுக்குப் போன பிள்ளையைப் பிறகு நாங்களே "மொக்கு" என்கிறோம். அந்தப் பக்கம் கணிதப் பிரிவுக்குப் போன பிள்ளை தரம் பத்தோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் அநியாயம் செய்கிறோம்.

2013இல் தொழினுட்பப் பிரிவு வந்தபோது அதன் மூன்றாவது பாடமாக எடுக்கக்கூடியவற்றின் பட்டியலில் சித்திரமும் சேர்க்கப்பட்டது. அதாவது கதவை அரசாங்கமே திறந்து வைத்திருக்கிறது. எங்களில் எத்தனை ஆசிரியர்கள் ஒரு பிள்ளையிடமாவது அதைச் சொல்லியிருக்கிறோம்? கதவை அடைத்துக்கொண்டு நிற்பது நாங்கள்.

எங்கள் முஸ்லிம் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. "சித்திரம் எங்களுக்குத் தேவையில்லாத வேலை" என்று சொல்கிற பெற்றோரை அடிக்கடி சந்திக்கிறோம். உருவம் வரைவது பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேளுங்கள், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் வரையவே தெரியாத சமூகமாக நாங்கள் எப்போதும் இருந்ததில்லை. 1206இல் அல்-ஜஸரீ தன் பொறிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஐம்பது பொறிகள். தண்ணி இறைக்கிற பொறிகளும் மணிக்கூடுகளும் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் படம், பாகங்களின் விளக்கம், செய்கிற முறை. அவருடைய யானை மணிக்கூட்டில் இந்தியாவின் யானை, சீனத்தின் பறவைநாகம், கிரேக்கரின் நீர்ப்பொறி எல்லாம் ஒன்றாக நின்றன. பொறியியலாளர், கைவினைஞர், ஓவியர் என்று மூன்று பேரை அவரிடம் தேடாதீர்கள். ஒரே ஆள்தான். எண்ணூறு வருடத்துக்கு முந்திய எங்கள் முன்னோருக்கு இல்லாத பிரிவினையை நாங்கள் எங்கிருந்து கடன் வாங்கினோம்?

எங்கள் வீட்டுக் கூரைகளைப் பாருங்கள். டிஷ் அன்ரனாக்கள் எல்லாம் வானத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பூமி சுற்றுகிற வேகத்திலேயே சுற்றி, ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிற செய்மதிகளைத் தொடர்பாடலுக்குப் பாவிக்கலாம் என்று 1945இல் கட்டுரை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். ராடாரும் தெரிந்தவர், கதையும் எழுதியவர். அப்படியொரு செய்மதி நிலைகொண்டது 1964இல். அவர் 1956 முதல் 2008இல் இறக்கும் வரை எங்கள் நாட்டில்தான் வாழ்ந்தார். கற்பனை முந்திப் போகும், கணக்கும் இரும்பும் பின்னால் வரும். எங்கள் பிள்ளைகளோ பின்னால் வருவதை வாங்கிப் பாவிக்க மட்டும் பழகுகிறார்கள்.

இது எங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

1990 ஒக்டோபரில் வடக்கை விட்டுத் துரத்தப்பட்ட சனத்தின் பிள்ளைகளாகப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். நீங்கள் 2009இல் மெனிக் பாம் கூடாரங்களில் வளர்ந்தவர்கள். உங்களுக்கும் எங்களுக்கும் சிறு வயதில் எதிர்காலம் என்றால் அடுத்த நிவாரணக் கூப்பன், அடுத்த பதிவு, அடுத்த இடமாற்றம். நாளை எப்படி இருக்கும் என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. மற்றவர்கள் வரைந்த வரைபடத்துக்குள் எங்களை வைத்தார்கள், எடுத்தார்கள். இன்றைக்கு எங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் முதல்முறையாகத் தங்கள் ஊரைத் தாங்களே வரைந்து பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருக்கிற பென்சிலை வாங்கி வைக்கப் போகிறோமா?

"சரி ரீச்சர், கீறினால் வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பட்டம் முடித்துவிட்டு வேலைக்காக வீதியில் நிற்கிற பிள்ளைகளை நாங்களும் பார்க்கிறோம். எல்லாரும் கலைப்பிரிவுக்குப் போங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பொறியியலாளராகப் போகிற பிள்ளைக்கும் வரையத் தெரியட்டும், சித்திரம் படிக்கிற பிள்ளைக்கும் மதகு எப்படி வேலை செய்கிறதென்று தெரியட்டும் என்கிறோம். சேத்திக்குச் சர்மா வேண்டும். சர்மாவுக்குச் சேத்தி வேண்டும்.

"இப்ப ஏஐ கீறித் தருதே" என்பது அடுத்த கேள்வி. நாங்களும் கேட்டுப் பார்த்தோம். வன்னிக் கிராமம் ஒன்றைக் கீறச் சொன்னதற்கு வந்த படத்தில் பனைக்குப் பதில் தென்னை நின்றது. வயலில் நின்றவரின் முகம் எங்கள் ஊர் முகமே இல்லை. பிழை பொறியில் மட்டும் இல்லை. எங்கள் ஊரை நாங்கள் வரைந்து வைக்கவில்லை, எழுதி வைக்கவில்லை. இல்லாததை அது எங்கிருந்து எடுக்கும்?

செய்யக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 2018 டிசம்பரில் இரணைமடு வான் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தண்ணி முதலில் எந்த ஒழுங்கையால் வந்தது, எந்த மதில் வரை ஏறியது, எந்த மேட்டில் சனம் ஒதுங்கியது? அப்பம்மாக்களுக்கும் மூத்தம்மாக்களுக்கும் தெரியும். எந்தத் திணைக்களத்தின் வரைபடத்திலும் அவர்கள் சொல்கிற அளவு விபரம் இருக்காது. சித்திரப் பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு ஊர்ப் படத்தைப் பெரிதாகக் கீறட்டும். கணிதப் பிள்ளைகள் போனில் இருக்கிற ஜிபிஎஸ்ஸால் இடங்களையும் உயரத்தையும் சரிபார்க்கட்டும். தகவல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகள் அதை டிஜிட்டல் வரைபடமாக்கட்டும். நாடகப் பிள்ளைகள் அதைக் கூத்தாக்கிச் சந்தையடியில் ஆடட்டும். கோவலன் கூத்து விடிய விடிய ஆடிய மாவட்டம் இது, ஆட ஆள் இல்லையா? அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. கேட்டால் வந்து உதவ மாட்டார்களா? நாங்கள் இன்னும் கேட்கவே இல்லை.

இது புதிதும் இல்லை. மீள்குடியேறி வந்தபோது காணிகளில் நின்ற சிவப்புப் பலகைகளை மறந்துவிட்டீர்களா? மண்டையோடும் எலும்பும் வரைந்த பலகை. எழுத்துத் தெரியாத பிள்ளையும் அதைக் கண்டு நின்றது. வெடியைக் கண்டுபிடித்தது கருவி, தோண்டி எடுத்தது மனிதக் கை, எங்கள் பிள்ளையின் காலைத் தடுத்து நிறுத்தியது ஒரு சித்திரம். அந்தச் சித்திரத்தைப் பார்த்து அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். ஸ்மார்ட் திரை வரட்டும், அல்ஹம்துலில்லாஹ். அதைச் சித்திர அறைக்குள்ளேயே மாட்டுங்கள். மேசையையும் வர்ணப் போத்தல்களையும் வெளியே தூக்கிப் போடாதீர்கள். கிழமையில் ஒரு பின்னேரம் சித்திர ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் கணினி ஆசிரியரும் அந்த அறையில் ஒன்றாக நிற்கட்டும். பரீட்சைக்கு வராத ஒரு கேள்வியைப் பிள்ளைகள் அங்கே கேட்கட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள், கை உயர்த்துங்கள். காசு அனுப்புகிற பழைய மாணவர்களே, உங்களிடமும் ஒன்று: காசோடு சேர்த்து இந்த நிபந்தனையையும் அனுப்புங்கள்.

அந்தப் பிள்ளையின் படம் எங்கள் மேசையில் இருக்கிறது. அவளின் அப்பா இன்னமும் வரம்பில் இருந்து காலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வயலுக்குள் இறங்குகிறார். அவருடைய கால் பழையது, சேறு புகுந்தால் பிடி விட்டுப்போகிறது. அதைத் திருத்தப் போவது யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவளாகவும் இருக்கலாம். அவள் இருந்து யோசிக்க ஒரு அறை வேண்டும்.