அலைக்குப் பட்டா உண்டா?

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. இந்தப் போட்டி இந்திய மண்ணில் நடந்தது அதுவே முதல் தடவை. கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வாங்கினார். பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன.

அந்தப் படங்களைப் பார்த்த நமது கீழத்தஞ்சை ஜனங்களிடையே இரண்டு விதமான அபிப்பிராயம் கிளம்பியிருக்கிறது. "இது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நடவுக்கும் அறுப்புக்கும் போகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "கோடியக்கரையிலும் அலை அடிக்கிறதே, இந்த விளையாட்டை இங்கே கொண்டுவந்தால் விடுதி வரும், விடுதி வந்தால் வேலை வரும்" என்பது மற்றொன்று.

இரண்டையும் உழைப்பாளி மக்கள் நிதானமாகச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

முதலில், இந்த விளையாட்டு என்ன? ஆள் உயரத்துக்கும் கூடுதலான நீளமுள்ள பலகையில் குப்புறப் படுத்து, கையாலேயே துழாவிக் கடலுக்குள் போக வேண்டும். அலை உயர்ந்து வந்து உடையப் போகும் தறுவாயில் பலகையில் எழுந்து நின்று, அலையின் முகப்பிலேயே கரையை நோக்கிச் சறுக்கி வர வேண்டும். மோட்டார் கிடையாது, பாய் கிடையாது. அலையைப் படிக்கத் தெரிந்த கண்ணும், நிலை தவறாத காலும்தான் மூலதனம்.

அந்தக் கண்ணும் காலும் யாரிடம் இருக்கின்றன? கடலில் பாடுபடுகிறவனிடம் இருக்கின்றன.

கட்டுமரக்காரன் கற்ற பாடம்

1870-களில் துறைமுக வேலை தொடங்கும் வரை சென்னைப் பட்டணத்துக்குக் கப்பல் அணையும் இடமே கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். வெள்ளைக்காரத் துரைமாரையும் அவர்கள் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் நமது மீனவர்கள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏற்றி, உடையும் அலைகளைத் தாண்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். படகும் போக முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர்கள் கடிதங்களை நனையாத தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய் வந்தார்கள். உலகத்துப் பாஷைகள் பலவற்றில் இன்று வழங்கும் 'கட்டமரான்' என்ற சொல் நமது கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

கரை திரும்பும் கட்டுமரம் செய்வது என்ன? பின்னால் வரும் அலையைப் பார்த்து, எந்த அலையை விடுவது, எந்த அலையில் ஏறுவது என்று கணித்து, அதன் முதுகிலேயே கரைக்கு வருகிறது. மாமல்லபுரத்தில் மார்க்குப் போட்டுப் பரிசு கொடுத்தார்களே, அந்த வித்தையின் அடிப்படையும் இதுவேதான்.

ஆகவே செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவளத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் பலகையேறிப் பெயர் பெற்றதில் ஆச்சரியம் இல்லை. அவர் நடத்தும் பள்ளியில் கற்றுக் கொடுப்பவர்கள் அந்தக் குப்பத்து வாலிபர்கள். 2013 முதல் அங்கே அலைவிழாவும் நடந்திருக்கிறது. மாமல்லபுரத்திலும் மீனவப் பிள்ளைகள் பதக்கம் வாங்கும் வீரர்களாகியிருக்கிறார்கள். 'பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பலகையின் விலைதான் பணக்கார விலை, வித்தை உழைப்பாளியுடையது.

ஹவாய் தீவு சொல்லும் கதை

இந்த விளையாட்டு செழித்து வளர்ந்தது பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய் தீவுகளில். அங்கே தலைவனும் ஏறினான், சாதாரணக் குடியானவனும் ஏறினான். ஆணும் பெண்ணும் ஏறினார்கள். மிக நீண்ட பலகை மட்டும் தலைவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதைச் செய்த மரம் நமது வேலிகளில் நிற்கும் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்தது.

1778-ல் ஆங்கிலேயத் தளபதி குக் அங்கே இறங்கினார். வெள்ளையரோடு வந்த நோய்கள் தீவு மக்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. 1820-ல் அமெரிக்கப் பாதிரிகள் வந்தார்கள். துணி உடுத்தாமல் ஆணும் பெண்ணும் சேர்ந்து அலையில் விளையாடுவது சோம்பேறித்தனம், ஒழுக்கக்கேடு என்று கண்டித்தார்கள். பிறகு கரும்புத் தோட்டங்கள் வந்தன. தோட்ட வேலைக்கு மணி அடித்தபோது அலைக்குப் போக நேரம் ஏது? 1893-ல் கரும்பு முதலாளிகளும் அமெரிக்க வியாபாரிகளும் சேர்ந்து, அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கிய பக்கபலத்தோடு, அந்நாட்டு ராணியைக் கவிழ்த்தார்கள். 1898-ல் அமெரிக்கா தீவுகளை விழுங்கியது. அந்த நூற்றாண்டு முடியும்போது அலையேறும் கலை அநேகமாக மறைந்துபோயிருந்தது.

மிச்சமிருந்த தீவு வாலிபர்கள் அதை மீண்டும் எழுப்பினார்கள். அவர்களில் ஒருவரான டியூக் கஹனமோகு 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எந்த விளையாட்டைச் சோம்பேறித்தனம் என்று கண்டித்தார்களோ, அதே விளையாட்டின் படத்தைப் போட்டு ஹோட்டல்காரர்கள் உல்லாசப் பிரயாணிகளைக் கூவி அழைத்தார்கள்!

உழைப்பவன் விளையாடினால் அது சோம்பல். அதையே காசாக்கினால் வியாபாரம். பண்ணையாளாக விடியலில் வயலில் இறங்கி இருட்டும் வரை நின்ற நம் தகப்பன்மாருக்கும், இன்று மில்லில் மூன்று ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் தொழிலாளிக்கும் இந்த நியாயம் புதிதல்ல. ஓய்வு நேரமும் விளையாட்டும் யாரும் போடும் பிச்சையல்ல. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் பொருளே அதுதான். மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே 1-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில்தான் கொண்டாடினார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

கோடியக்கரைக் கடல்

இனி இரண்டாவது அபிப்பிராயத்துக்கு வருவோம். கோடியக்கரைக்கு இந்த விளையாட்டு வருமா?

நல்ல சறுக்கலை என்பது அங்கேயே கிளம்புவதல்ல. தெற்கே வெகு தொலைவில் பெருங்காற்றில் பிறந்து, ஆயிரக்கணக்கான மைல் ஓடி, சீராக வரிசை கட்டி வருவது. அது கரையை நெருங்கும்போது, தன் உயரத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு அளவுக்கு ஆழம் குறைந்ததும் கால் இடறியதுபோலத் தலைகுப்புற உடைகிறது. அப்படிப்பட்ட அலையைத் தெற்கே இலங்கைத் தீவு நமக்கு மறித்து நிற்கிறது. திறந்த கடலைப் பார்த்திருக்கும் இலங்கையின் கீழ்க்கரையில் அறுகம்பைக்கு அந்த அலை கிடைக்கிறது. உலகெங்கிலுமிருந்து அலையேறுவோர் அங்கே போகிறார்கள்.

கோடியக்கரையோ நிலம் திரும்பும் முனை. வடக்கே இருந்து வரும் கரை இங்கே மேற்கே மடங்குகிறது. மேற்கே பாக் நீரிணை, ஆழமற்ற சேற்றுக் கடல். கிழக்கே வங்காள விரிகுடா. வாடைக் காற்றில் கொந்தளிக்கும், ஆனால் அலை ஒழுங்காக வராது. ஆகவே பலகை விளையாட்டுக்கு இது வாகான இடமல்ல.

வேறு எதற்கெல்லாம் வாகான இடம்? ஐப்பசி பிறந்தால் வெளியூர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கி, பங்குனி வரை மீன்பாடு நடத்துகிறார்கள். அதே மாதங்களில் பூநாரைகளும் வடநாட்டுப் பறவைகளும் வந்து இறங்குகின்றன. 1967-ல் இந்தக் காடு சரணாலயமாயிற்று. 2002-ல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் உலகம் பாதுகாக்க வேண்டிய ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலேயே 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த அகஸ்தியம்பள்ளி. இன்றும் பாத்தியில் கால் வெடிக்க நிற்கும் உப்பளத் தொழிலாளிகள். இத்தனை பேர் பிழைப்பு நடக்கும் கரை இது. 'காலியாகக் கிடக்கும் மணல்' என்று இதைப் பார்க்கிறவன் ரியல் எஸ்டேட் தரகனாக மட்டுமே இருக்க முடியும்.

கேட்டைப் பூட்டிய கோடீஸ்வரர்

'வந்தால் வரட்டுமே, வேலை கிடைக்குமே' என்பாருக்கு ஒரு விஷயம் சொல்வோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் மார்ட்டின்ஸ் கடற்கரை என்று ஓர் இடம் இருக்கிறது. அலையேறுவோரும் மீன்பிடிப்போரும் குடும்பங்களும் பல பத்தாண்டுகளாகப் போய்வந்த கரை. அதையொட்டிய நிலத்தை 2008-ல் இந்தியாவில் பிறந்த கோடீஸ்வரர் வினோத் கோஸ்லா வாங்கினார். கொஞ்ச காலத்தில் கடலுக்குப் போகும் ஒரே பாதையின் கேட் பூட்டப்பட்டது. மணலுக்கும் அலைக்கும் அவரிடம் பத்திரம் கிடையாது. பாதைக்குப் பத்திரம் இருந்தது, அது போதுமானதாயிற்று! அலையேறுவோர் சங்கம் வழக்குப் போட்டது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அனுமதி பெறாமல் பாதையை அடைக்கக் கூடாது என்றது. 2018 அக்டோபரில் அமெரிக்க உச்சநீதிமன்றம் கோஸ்லாவின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது. 1976-லேயே கடற்கரையைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கச் சட்டம் செய்த மாகாணத்தில் இவ்வளவு போராட வேண்டியிருந்தது.

நம் நாட்டில் நிலைமை என்ன? 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. கிராமப்புறக் கரையில் அலை ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்ற தடை இருந்தது. 2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிவிக்கை, ஜனநெருக்கமுள்ள கிராமப்புறக் கரைகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. உல்லாசப் பிரயாணிகளுக்கான தற்காலிகக் கொட்டகைகளைப் பத்து மீட்டர் வரை கொண்டுவரவும் வழி திறந்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்தைச் சூறையாடியது. அதே நவம்பர் முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன் இந்த அறிவிக்கை வெளியாயிற்று. இது யாருக்காக?

மடை திறந்த நீரும் உயிரும்

அலை விளையாட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த வித்தை நமது பிள்ளைகளுக்கும் வேண்டும் என்கிறோம். முக்கியமாக உயிர் காக்க வேண்டும் என்கிறோம்.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கோடியக்கரைக்கு வந்து கடலில் இறங்குகிறார்கள். பெரும்பாலோர் வாய்க்காலில் குளித்துப் பழகியவர்கள், கடல் தெரியாதவர்கள். 2024 மே 6-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் கடலில் இழுக்கப்பட்டு மாண்டார்கள். காற்றே இல்லாத நாளில் தொலைதூரத்திலிருந்து வரும் 'கள்ளக்கடல்' அலை பற்றி ஹைதராபாத்திலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்ட இடத்துக்கும் அந்தப் பிள்ளைகள் நின்ற மணலுக்கும் நடுவே ஆள் இல்லை.

கடலில் ஆளை இழுப்பது அலை மட்டுமல்ல. வயலில் நிறைந்த தண்ணீர் வரப்பில் ஓரிடம் திறந்தால் அந்த மடை வழியே எப்படிப் பாய்ந்து ஓடுமோ, அப்படியே அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த நீர் ஏதோ ஓரிடத்தில் வழி கண்டு கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். தெரியாதவன் அங்கேதான் இறங்குவான். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்து மூழ்கிவிடுவோம். மடை ஓட்டத்தை விட்டு விலகுவதுபோல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்; நீந்தத் தெரியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். மற்றவர்கள் உடனே குதித்துவிடாமல் கயிறோ, காலிக் குடமோ, மிதக்கும் பொருளோ வீச வேண்டும்.

இதைக் கற்றுக்கொடுக்க வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். ஆற்காட்டுத்துறையிலும் கோடியக்கரையிலும் இருக்கும் மீனவர்கள் போதும்.

கேட்க வேண்டியவை

தோழர்களே, நாம் வற்புறுத்த வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை:

1. கடற்கரைக் கிராமம் தோறும் படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், மீன் காயப்போடும் இடம், பருவக் குடிசை போடும் இடம், கடலுக்குப் போகும் பாதை அனைத்தும் சர்க்கார் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். விளையாட்டின் பேராலோ விடுதியின் பேராலோ அங்கே வேலி எழும்பக் கூடாது.

2. ஜனங்கள் கூடும் ஒவ்வொரு கரையிலும் மீனவ வாலிபர்களையும் பெண்களையும் உயிர்க்காவலராக நிரந்தரச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும்.

3. டெல்டா கிராமத்து அரசுப் பள்ளிகளில் நீச்சல் கட்டாயப் பாடமாக வேண்டும். பெண் குழந்தைகளை விலக்கக் கூடாது.

4. அலை வாகாக உள்ள கோவளம் போன்ற இடங்களில் பலகையும் பயிற்சியும் மீனவர் கூட்டுறவின் கையில் இருக்க வேண்டும். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் கூடாது.

மே 1-ந் தேதி கிராமசபை கூடும். வேதாரண்யம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளர்களும் உப்பளத் தொழிலாளர்களும் மீனவர்களும் ஒன்றாகப் போய் உட்கார்ந்து, இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்ற வேண்டும். நிலத்துக்குப் பட்டா கேட்டுப் போராடிய ஜனங்கள் நாம். அலைக்கு எவனும் பட்டா வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான்.