திகில் படத்தில் பிள்ளைகள் பார்ப்பதும் பெற்றோர் பார்க்க வேண்டியதும்

'மேகன் இஸ் மிஸ்ஸிங்' என்னும் அமெரிக்கத் திகில் படத்தைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று பெற்றோர் சிலர் எங்கள் வளரிளம் பருவ மனநலப் பிரிவில் கேட்பதுண்டு. இணையத்தில் முன்பின் அறியாதவரோடு பழகினால் என்ன நேரும் என்பதை அப்படம் ஒரே இரவில் புரியவைத்துவிடும் என்பது அவர்களது எண்ணம். காட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எனினும், அப்படத்தின் நடுப்பகுதியில் நடப்பவற்றைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது என்றும் கருதுகிறோம். இரண்டுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும்.

மைக்கேல் கோய் என்ற ஒளிப்பதிவாளர் எழுதி இயக்கிய படம் இது. 2006 இல் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, 2011 இல்தான் வெளியாயிற்று. நியூசிலாந்தின் தணிக்கை அலுவலகம் அதற்குத் தடை விதித்தது. பின்னர் பெரும்பாலோர் மறந்துவிட்ட நிலையில், 2020 நவம்பரில், பெருந்தொற்றால் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலத்தில், டிக்டாக் செயலி வழியே திடீரென்று அதன் புகழ் பரவியது. பார்த்து நடுங்கிய முகங்களைப் பிள்ளைகளே படம்பிடித்து வெளியிட்டனர். இயக்குநரே அச்செயலியில் தோன்றி, நள்ளிரவில் பார்க்காதீர்கள், தனியாகப் பார்க்காதீர்கள் என்று எச்சரித்தார். எச்சரிக்கை விளம்பரமாகவும் பயன்பட்டது. பதினைந்து வயதில் தடுக்கப்பட்ட பண்டத்துக்கு உள்ள சுவை நாம் அறியாததன்று. நம் நாட்டில் அச்செயலி அதற்குச் சில மாதங்கள் முன்பே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனால் காணொளித் துண்டுகள் எல்லைச் சாவடியில் நிற்பதில்லை.

கணினிக் கேமரா, கைபேசி, தொலைக்காட்சிச் செய்தி ஆகியவற்றில் பதிவான காட்சிகளைத் தொகுத்தாற்போல் படம் அமைக்கப்பட்டுள்ளது. உண்மை நிகழ்வுகளின் அடிப்படையில் எடுக்கப்பட்டது என்ற விளம்பரமும் சேரவே, இறுதிக் காட்சிகள் உண்மையாகவே நடந்தவை என்று நம்பிய சிறார் பலர். எனவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம்: படத்தில் வருவோர் நடிகர்கள், நடப்பதெல்லாம் நடிப்பு.

கதை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடக்கு ஹாலிவுட் பகுதியில் நிகழ்கிறது. மேகனுக்கு வயது 14. அவளுடைய நெருங்கிய தோழி ஏமிக்கு 13. இணைய உரையாடலில் ஜோஷ் என்றொரு பையன் மேகனுக்கு அறிமுகமாகிறான். தன் கேமரா பழுது என்கிறான். ஒரு புகைப்படத்தை மட்டும் காட்டுகிறான். அவள் முகம் அவனுக்குத் தெரிகிறது, அவன் முகம் அவளுக்குத் தெரிவதில்லை. பேச்சு வளர்கிறது. ஓர் உணவகத்தின் பின்புறம் சந்திக்க அழைக்கிறான். மேகன் போகிறாள், திரும்பி வரவில்லை. ஏமிக்கு ஜோஷ் மீது ஐயம் எழுகிறது, காவல்துறையிடம் தெரிவிக்கிறாள். பின்னர் அவளும் காணாமற்போகிறாள். படத்தின் இறுதி இருபது நிமிடங்களை நாங்கள் இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒரு நிலவறையில் நடக்கும் கொடுமை அது என்பது போதும்.

அந்த இருபது நிமிடங்களால்தான் படம் பேர்பெற்றது. எங்கள் நோக்கில் படத்தில் உண்மையிலிருந்து மிகவும் விலகி நிற்பதும் அப்பகுதிதான். உண்மைக்கு அருகில் இருப்பது பழுதான கேமரா. அடுத்த ஊரில் வசிக்கும் சம வயதுப் பையன், சலிக்காமல் கேட்கும் காது, வேறு யாருக்கும் தெரியாத உரையாடல், "உன்னை உன் வீட்டில் புரிந்துகொள்ளவில்லை" என்ற ஆறுதல் வார்த்தை: குழந்தைகளை வேட்டையாடுவோர் இப்படித்தான் வருகிறார்கள். பொதுவான விளையாட்டுத் தளத்திலோ சமூக ஊடகத்திலோ அறிமுகமாகி, சில நாட்களில் தனிப்பட்ட செய்திச் செயலிக்கு அழைத்துப்போவார்கள். முதலில் கேட்கும் படம் சாதாரணமாக இருக்கும். அடுத்தது அவ்வளவு சாதாரணமாக இராது. கேட்டதைத் தந்தபின் குரல் மாறும். இதற்கு நிலவறை தேவையில்லை, வாகனமும் தேவையில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 2012 அக்டோபரில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். கேமரா முன் ஒரு கணம் அவளை ஆடை விலக்கச் செய்து, அந்தப் படத்தை வைத்து மிரட்டி வந்தவர் நெதர்லாந்தில் இருந்த ஓர் ஆடவர். பல்வேறு போலிப் பெயர்களில் அவளைத் தொடர்ந்திருக்கிறார். அவளை அவர் நேரில் கண்டதே இல்லை. இருவருக்கும் இடையே ஒரு பெருங்கடல் இருந்தது. கனடாவுக்கு ஒப்படைக்கப்பட்ட அவரை 2022 இல் அந்நாட்டு நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்மானித்து 13 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அச்சிறுமி எங்கும் கடத்தப்படவில்லை. தன் வீட்டில், தன் பெற்றோரின் அரவணைப்பில் இருந்தபடியேதான் அவள் சிக்கியிருந்தாள்.

திகில் படம் இதை மறைத்துவிடுகிறது. அரக்கனைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அன்பாகப் பேசுகிறவர் அரக்கராகத் தோன்றமாட்டார். "நான் பேசிக்கொண்டிருப்பவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். படத்தின் மற்றொரு குறை இதினும் பெரியது. ஏமி காவல்துறையிடம் உண்மையைச் சொன்னவள்; சொன்னதற்குப் பின்னரே கொடியவன் அவளையும் தேடி வருகிறான். சொன்னால் ஆபத்து என்ற பாடத்தைப் படம் விரும்பியோ விரும்பாமலோ கற்பிக்கிறது. மிரட்டுகிறவர்கள் பிள்ளைகளிடம் சொல்வதும் அதே பாடம்தான்.

அச்சுறுத்தித் திருத்துவது என்ற முறையை அமெரிக்கர்கள் வேறொரு துறையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1970களில் நியூஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில், தவறான வழியில் செல்லும் சிறுவர்களை உள்ளே அழைத்துச்சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு கத்தி மிரட்டும் திட்டம் ஒன்று நடந்தது. 1978 இல் வந்த ஆவணப்படத்தால் நாடெங்கும் அது புகழ்பெற்றது. பின்னாளில் இத்தகைய திட்டங்களை முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மிரட்டப்பட்ட சிறுவர்கள் மிரட்டப்படாதவர்களைக் காட்டிலும் அதிகமாகவே குற்றங்களில் இறங்கியது தெரியவந்தது. பயம் ஊட்டப்பட்ட மனிதன், தப்பிக்கும் வழி தன் கையில் இருந்தால் அவ்வழியில் நடப்பான். வழி தெரியாவிட்டால் அதைப் பற்றி நினைப்பதையே விட்டுவிடுவான். புகைப்பிடிப்பவர்களிடம் இதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை தப்பிக்கும் வழி என்பது வீட்டில் சொல்வது. அந்த வழியை அடைத்து வைத்திருப்பது பெரும்பாலும் நாம்தான் என்று சொன்னால் பெற்றோர் வருந்தக்கூடும். ஆயினும் சொல்ல வேண்டியிருக்கிறது. "இப்படி ஏதாவது செய்தால் கைபேசியைப் பிடுங்கிவிடுவேன், படிப்பை நிறுத்திவிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். மிரட்டுகிறவருக்கு அதைவிட வசதியான துணை வேறில்லை. "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாகிவிடுகிறது. எனவே, எது நடந்திருந்தாலும் நீ சொன்னதற்காக உன்னைத் தண்டிக்கமாட்டேன், கைபேசியையும் பறிக்கமாட்டேன் என்ற உறுதியை, ஒன்றும் நடக்காத நாளிலேயே பெற்றோர் கொடுத்துவிட வேண்டும். சொல்லிவிட்டுக் காப்பாற்றவும் வேண்டும், அதுதான் கடினம்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இக்கட்டுரையைப் பாதியில் மூடிவிடலாகாது. படம் சிறுமியரை மட்டுமே காட்டுகிறது. ஆனால் நெருக்கமான படத்தைப் பெற்றுப் பணம் கேட்டு மிரட்டும் குற்றத்தில் இலக்காவோர் பெரும்பாலும் 14 முதல் 17 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகள் என்று அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. எச்சரித்துள்ளது. அழகிய பெண்ணின் பெயரில் தொடங்கும் உரையாடல் சில மணி நேரத்திலேயே பண மிரட்டலாக மாறிவிடுகிறது. பையன் என்பதால் கவலையில்லை என்று எண்ணியிருந்த வீட்டில் அவன் எவரிடம் சொல்வான்?

படத்தில் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்றும் உண்டு. மேகன் ஒன்பது வயதிலேயே தன் மாற்றாந்தந்தையின் பாலியல் கொடுமைக்கு ஆளானவள். ஜோஷ் வருவதற்கு நெடுநாள் முன்பே அவளுடைய வீடு அவளுக்குப் பாதுகாப்பாக இருக்கவில்லை. அவளைக் கேட்க ஒருவர் கிடைத்ததும் அவள் பேசினாள். இந்த ஓரிடத்தில் இயக்குநர் எங்களைப் போன்ற மருத்துவர்கள் பார்ப்பதையே பார்த்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறோம். தனிமையில் இருக்கும் பிள்ளையைத்தான் வேட்டைக்காரர்கள் தேடுகிறார்கள்.

இதழைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் நோயாளிகள் அல்லது அவர்களுக்குத் துணையிருப்போர். நெடுநாள் சிகிச்சை தனிமையை உண்டாக்கும். பள்ளியை விட்டு, நண்பர்களை விட்டு, வாரக்கணக்கில் படுக்கையில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளைக்குக் கைபேசிதான் உலகம், அதைக் குறைகூற இயலாது, அந்த உலகத்தை அவ்வப்போது எட்டிப்பார்த்து "இன்று யாருடன் விளையாடினாய்?" என்று கேட்கலாம். இன்னொருவரும் இருக்கிறார்: தம்பியோ தங்கையோ இங்கே சிகிச்சையில் இருக்க, அம்மாவும் அப்பாவும் மாறி மாறி இங்கே தங்கியிருக்க, வீட்டில் பாட்டியின் பொறுப்பில் விடப்பட்ட மூத்த பிள்ளை. "சமர்த்தாக இரு" என்று சொல்லிக் கைபேசியைக் கொடுத்துவிட்டு வந்திருப்போம். இரவு பன்னிரண்டு மணிக்கு அந்தப் பிள்ளையிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்பவர் யார் என்பதை நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நாள்தோறும் ஒருமுறை, நோயைப் பற்றிப் பேசாமல், அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள் என்று துணையிருப்போரிடம் சொல்லி வருகிறோம்.

காரணம் புலப்படாத வயிற்றுவலி, தலைவலி, தூக்கமின்மை, பள்ளி செல்ல மறுப்பு, கைபேசி ஒலித்ததும் முகம் வெளிறுதல் ஆகியவை பல காரணங்களால் வரலாம். இதுவும் அவற்றுள் ஒன்று என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பரிசோதனை முடிவுகள் சரியாக இருக்கின்றன என்பதால் பிள்ளை நடிக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிள்ளை சொல்லிவிட்டால், முதலில் "சொன்னது நல்லது, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். "ஏன் செய்தாய்?" என்ற கேள்வியை ஒத்திவையுங்கள்; அதற்கு விடை பெரும்பாலும் பிள்ளைக்கே தெரியாது. மிரட்டுகிறவருக்குப் பணம் தர வேண்டாம், அவரோடு வாதாடவும் வேண்டாம். உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்; கணக்கின் பெயரையும் செய்திகளையும் குறித்துக்கொண்ட பின் அக்கணக்கைத் தடைசெய்யலாம். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் உறவினருக்கோ வேறெவருக்கோ அனுப்பாதீர்கள், சான்றுக்காகக்கூட. சைபர் குற்றப் புகாருக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, மன உளைச்சலுக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். படம் இணையத்தில் பரவுவதைத் தடுக்க, காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. அதில் படத்தையே பதிவேற்ற வேண்டியதில்லை, படத்துக்குரிய எண் அடையாளம் மட்டுமே கைபேசியிலிருந்து செல்லும்.

புகார் செய்தால் பிள்ளையின் பெயர் ஊரறிந்துவிடும் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவரின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே பெறலாம். பதிவு செய்யும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இத்தகைய குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மருத்துவர்களாகிய நாங்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். இதை எங்களிடம் வரும் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

இனி, உங்கள் பிள்ளை அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தால் திட்ட வேண்டாம். எந்தக் காட்சி மனத்தில் நிற்கிறது என்று பகல் வெளிச்சத்தில் கேளுங்கள்; அது நடிப்பு என்பதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். சில இரவுகள் விளக்கை எரியவிட்டு உங்கள் அருகில் படுக்க விரும்பினால் அனுமதியுங்கள், வயது பதினாறு ஆனாலும். கெட்ட கனவும் தூக்கமின்மையும் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வேறு ஏதோ ஒன்றைச் சொல்ல வந்து பிள்ளை நிறுத்திக்கொள்வதாகத் தோன்றினாலோ எங்கள் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். பிள்ளை விரும்பினால் முதலில் தனியாகவே பேசுவோம். நீங்கள் வெளியே சற்றுக் காத்திருக்க நேரும்.