கூலி கொடுத்தார்கள், பெயர் கேட்கவில்லையா?

ஸ்காட்லாந்தில் 1980-ல் திறக்கப்பட்ட 154 கிலோமீட்டர் நடைபாதையில் மூட்டை சுமந்து செல்வோர், கிங்ஸ்ஹவுஸிலிருந்து கின்லாக்லெவனுக்கு ஒரே நாளில் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். நடுவே ‘சாத்தான் படிக்கட்டு’ என்ற ஏற்றம். உச்சி சுமார் 550 மீட்டர். மழைக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. இறங்கியதும் சூடான சூப், கால் கொப்புளக் கதைகள்!

அந்த மலைக்கு அப்பால் பிளாக்வாட்டர் அணை இருக்கிறது. அயர்லாந்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள் 1905 முதல் 1909 வரை கட்டியது. அணையருகே அவர்களது கல்லறைகள். சிலவற்றில் ‘தெரியாதவர்’ என்றே பொறித்திருக்கிறது. கூலி கொடுத்தபோது பெயர் கேட்காமலா கொடுத்தார்கள்?

அணையின் மின்சாரத்தில் ஓடிய அலுமினிய ஆலை 2000-ல் மூடப்பட்டுவிட்டது. நடைப்பயணிகள் அரை நாள் ஒதுக்கி அந்தக் கல்லறைகளையும் பார்த்து வரவேண்டும். காட்சி அழகை வர்ணிக்கும் வழிகாட்டி நூல்கள் முதலில் இதைச் சொல்லட்டும்.