கழட்டின கார்டைத் திரும்ப மாட்டாதீங்க

எங்க சித்தப்பா ஊர்ல வாடகை வண்டி ஓட்டுகிறார். மஞ்சள் போர்டு, ஏழு சீட். வண்டிக்கு முன்னாடி ஒரு இரும்பு கார்டு இருந்தது. ரெண்டு பக்கமும் வளைந்த தடிமனான பைப், நடுவில் ரெண்டு ஃபாக் லைட். எஃப்.சி. காட்டப் போகிற நாளுக்கு முந்தின ராத்திரி அதைக் கழட்டுவோம். மறுநாள் எஃப்.சி. முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும், ஒரு டீ குடிச்சிட்டு திரும்ப மாட்டுவோம். போன தடவை ஸ்பேனர் பிடித்தது நான். மாட்டும்போது கார்டைத் தூக்கிப் பிடித்ததும் நான்தான். இதில் தப்பு ஏதும் இருக்குன்னு அப்போ எனக்குத் தோணவே இல்லை. இத்தனைக்கும் படிக்கிறது மெக்கானிக்கல்.

மூணு மாசம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர் சட்டென்று குறுக்கே வந்தது. சித்தப்பா மெதுவாத்தான் வந்தார், பிரேக்கும் போட்டார். ஆனா கார்டு அந்தப் பையனோட முழங்காலுக்குக் கீழே போய் இடிச்சிருச்சு. நம்ம வயசுதான் அவனுக்கும். கால்ல எலும்பு முறிவு, பிளேட் வெச்சாங்க. நான் முன் சீட்ல உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் ஒருத்தர் கார்டைத் தட்டிப் பார்த்துட்டு, "நல்லவேளை கார்டு இருந்துச்சு, வண்டிக்கு ஒண்ணும் ஆகலை"ன்னார்.

கார்டு இல்லாம இருந்திருந்தா கால் தப்பிச்சிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த "வண்டிக்கு ஒண்ணும் ஆகலை"ங்கிற வார்த்தை மட்டும் மண்டைக்குள்ளேயே நிக்குது. ஏன்னா நம்ம பாடப்படி அது நல்ல செய்தியே இல்லை.

யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பொருள் மோதினா அந்த எனர்ஜி எங்கேயாவது போய்த்தான் ஆகணும். பிளாஸ்டிக் பம்பர் நசுங்கினா, பானெட் குழிஞ்சா, கொஞ்சம் எனர்ஜி அங்கே போயிடுச்சுன்னு அர்த்தம். வண்டி நசுங்கவே இல்லைன்னா, எதிரில் இருப்பது எதுவோ அதுதான் நசுங்கும். அன்னைக்கு எதிரில் இருந்தது ஒரு கால்.

சரி, வண்டிக்குள்ள இருக்கிறவங்களாவது பத்திரமா? அதுவும் இல்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தை செகண்டுக்கு மீட்டரா மாத்தினா சுமார் 13.9. வண்டியோட முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நின்னா, v²/2s போட்டுப் பாருங்க, சராசரியா 16 ஜி வரும். அதே வண்டி 30 செ.மீ.லேயே நின்னா 32 ஜி. 70 கிலோ ஆளை சீட் பெல்ட் பிடித்து நிறுத்த வேண்டிய விசை சுமார் 1,150 கிலோ எடையிலிருந்து 2,300 கிலோ எடைக்குப் போகுது. நசுங்குவதற்கு இடம் குறையக் குறைய உள்ளே இருக்கிறவங்க நெஞ்சுல அடி கூடும். முதல் செமஸ்டர் பிசிக்ஸ்தான் இது.

முன்பக்கம் நசுங்கணும், பயணிகள் இருக்கிற கூண்டு நசுங்கக் கூடாது என்கிற யோசனைக்கு 1950-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கினவர் பெலா பரேனி. மெர்சிடிஸ் பென்ஸில் வேலை பார்த்த இன்ஜினியர். 1959-ல் வந்த அவங்க காரில் அது நடைமுறைக்கு வந்தது. இன்னைக்கு நம்ம நாட்டிலும் கார்களை மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதவிட்டு சோதிக்கிறாங்க. அந்த சோதனைக்குப் போற வண்டியில் கார்டு கிடையாது. எவ்வளவு நசுங்கணும், ஏர்பேக் எப்போ விரியணும் எல்லாமே கார்டு இல்லாத வண்டியை வெச்சு கணக்கு போட்டது. ஏர்பேக் விரிய கிடைக்கிற நேரம் கண் சிமிட்டுறதை விடக் குறைவு. சேஸிஸோட போல்ட் போட்ட ஒரு இரும்புச் சட்டத்தை நடுவில் நுழைத்தா, அடி சேஸிஸுக்குப் போற வழியே மாறிடும். சென்சாருக்குப் போற சிக்னலும் மாறும். ஏர்பேக் லேட்டா விரியலாம், தேவையே இல்லாதப்போ விரியலாம். விறைப்பா இருக்கிற பாதையைத்தான் லோடு தேடிப் போகும்னு ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல எழுதி மார்க் வாங்கின நாமதான் வீட்டுல போய் கார்டைத் தூக்கிப் பிடிக்கிறோம்.

சட்டம் புதுசு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி கொடுத்த அமைப்பை வண்டிக்காரர் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. கார்டும் புல் பாரும் இந்தப் பிரிவை மீறுது, நடவடிக்கை எடுங்கன்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதினது. அதுக்கு அப்புறம் நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? செக்கிங் தீவிரமா இருக்கிற வாரம் கார்டு வீட்டுல இருக்கும். செக்கிங் அடங்கினா வண்டிக்கு வந்துடும். கார்டைக் கழட்டுவது ஃபைனுக்குப் பயந்துதான். அந்தப் பயம் ஒரு நாள்தான் இருக்கும். காரணம் புரியாததால, மறுநாளே மாட்டிடுறோம்.

மாட்டுறவங்க சொல்ற நியாயத்தையும் கேட்டேன். சித்தப்பா சொன்னது: "டேய், ராத்திரி ரோட்டுல மாடு படுத்திருக்கு. டவுனுக்குள்ள ஆட்டோக்காரன் உரசிட்டுப் போறான். பம்பர் மாத்த காசு நீயா தருவ?" ரெண்டுமே நிஜமான கஷ்டம்தான். உரசலுக்கு மட்டும்னா கார்டு உதவும், ஒத்துக்கிறேன். ஆனா கொஞ்சம் பெரிய அடி விழுந்தா, பம்பரோட போக வேண்டிய செலவு கார்டு வழியா சேஸிஸுக்குப் போகும். பம்பரைக் கழட்டி மாத்திடலாம். சேஸிஸ் வளைஞ்சா அதை நிமிர்த்துற செலவே வேற. மாட்டு விஷயத்தில் ஆஸ்திரேலியாவைக் காட்டுவாங்க. அங்கே கங்காரு குறுக்கே வரும், அடுத்த ஊர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கேயும் கிடைச்ச பைப்பை வெல்டிங் வெச்சு மாட்டச் சொல்லலை. இதுக்குன்னு தனி தரநிலை வெச்சு, ஏர்பேக்கோட ஒத்துப் போகணும்னு பார்த்து டிசைன் பண்றாங்க. பிரஷ் கார்டுங்கிற பேரே புதருக்குள்ள வண்டி ஓட்டுறப்போ கிளை அடிக்காம இருக்க வந்த பேர். நம்ம பஸ் ஸ்டாண்டு திருப்பத்துல புதர் எங்கே இருக்கு? வண்டிக்கு முன்னாடி இருக்கிறது நடக்கிறவங்களும் டூவீலர்ல போறவங்களும்தான். அதாவது பெரும்பாலும் நாம. (பைக்குல இருக்கிற லெக் கார்டு வேற கதை. அது ஓட்டுறவர் காலுக்காக இருக்கு.)

அதனால, உங்க வீட்டு வண்டியில கார்டு இருந்தா கழட்டுங்க. இந்தத் தடவை ஒழுங்கா, ஒரேயடியா கழட்டுங்க. நாங்க கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

தனியா செய்யாதீங்க. கடைசி போல்ட் வந்ததும் கார்டு மொத்தமா காலில் விழும். ஒருத்தர் பிடிக்கணும், இல்லைன்னா கீழே ஸ்டூலோ செங்கல்லோ அண்டை கொடுக்கணும். கார்டுல லைட் இருந்தா முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. லைட்டுக்கு இழுத்த ஒயரை வெட்டித் தொங்க விடாதீங்க, ரிலேயிலிருந்தே எடுத்துடுங்க. மழைத் தண்ணி பட்டு ஷார்ட் ஆகும். போல்ட் துருப் பிடிச்சிருந்தா துரு ஆயில் அடிச்சு கால் மணி நேரம் விடுங்க. அதுக்கு அப்புறம் ரிங் ஸ்பேனர் போடுங்க. அவசரப்பட்டு ஓப்பன் ஸ்பேனர்ல திருகினா போல்ட் தலை மழுங்கிடும், அப்புறம் கிரைண்டர்தான். மேல் போல்ட்டை முதல்ல, கீழ் போல்ட்டைக் கடைசியா எடுங்க.

எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுக்கு அப்புறம்தான். நிறைய கார்டுகளை பம்பரோ டோ ஹூக்கோ பிடிச்சிருக்கிற அதே இடத்துல, ஒரிஜினல் போல்ட்டை எடுத்துட்டு நீளமான போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. கார்டோட பிளேட் நடுவிலிருந்து போனதும் அந்த நீள போல்ட் சரியா இறுகாது. ஒரிஜினல் அளவு போல்ட், வாஷர் வாங்கிப் போட்டு, சர்வீஸ்ல டார்க் ரென்ச் வெச்சு இறுக்கச் சொல்லுங்க. எங்க வண்டியில ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பம்பர் லூசா, ஆடிக்கிட்டேதான் போயிருக்கு. அது தெரியாமலேயே இருந்திருக்கோம். டிரில் போட்ட ஓட்டை இருந்தா பிரைமர், பெயிண்ட் அடிச்சு ரப்பர் வெச்சு அடைங்க, இல்லைன்னா துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். நம்பர் பிளேட்டைக் கார்டுல மாட்டியிருந்தா பம்பருக்கு மாத்துங்க.

இவ்வளவும் செய்ய ஒரு ஞாயித்துக்கிழமை காலை போதும். கஷ்டம் சாயங்காலம்தான் வரும். கழட்டின கார்டு மாடிப்படிக்குக் கீழே சாய்ஞ்சிருக்கும். வண்டி முன்னாடி பார்க்க மொட்டையா இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் "என்னப்பா, கெத்தே போச்சு"ம்பார். காசு கொடுத்து வாங்கினதாச்சேன்னு கை அரிக்கும். எங்க வீட்டுல அந்தப் பையனுக்கு அடிபட்ட வாரமே கார்டைக் கழட்டிட்டோம். சித்தப்பாவே சொல்லிக் கழட்டினார். ஆனா போன லீவுக்குப் போனப்பவும் அது படிக்குக் கீழேயேதான் இருந்துச்சு. "இருக்கட்டும்டா, பார்த்துக்கலாம்"னார். அங்கே இருக்கிற வரைக்கும் அது என்னைக்காவது வண்டிக்குத் திரும்ப வரும்னு எனக்குத் தெரியும். வேற யாருக்காவது வித்தா, அவங்க வண்டி முன்னாடி போய் நிக்கும்.

இந்த செமஸ்டர் முடிஞ்சு ஊருக்குப் போனதும் அதை நானே தூக்கிட்டுப் போய் பழைய இரும்புக் கடையில எடைக்குப் போடப் போறேன், ரெண்டா வெட்டச் சொல்லித்தான். சித்தப்பா திட்டுவார், திட்டட்டும். உங்க வீட்டுப் படிக்குக் கீழேயும் ஒண்ணு இருக்கான்னு பாருங்க.